அளந்து அளந்து வளர்ந்த நாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் அமெரிக்க விடுதலைப் போர் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். "போர் முடிந்தது சரி, கடலோரமாக இருந்த 13 மாநிலங்கள் கண்டம் முழுக்க எப்படிப் பரவின?" என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். வேலைக் காலம் முழுவதையும் நில அளவைத் துறையில் கழித்தவன் நான். ஆகவே என் பதில்களில் ஏக்கரும் சங்கிலியும் பத்திரமும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

கே: போரில் வென்ற 13 மாநிலங்களும் மேற்கே கிடைத்த நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருக்கலாமே. எதற்காகப் புதிது புதிதாக மாநிலங்களை உருவாக்கினார்கள்?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

பங்கு போடத்தான் முதலில் பார்த்தார்கள். வர்ஜீனியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் இங்கிலாந்து அரசர்கள் எப்போதோ எழுதிக்கொடுத்த பழைய சாசனங்களை எடுத்து நீட்டி, மேற்கு நிலத்துக்கு உரிமை கொண்டாடின. மேரிலாந்திடம் அப்படி எதுவும் இல்லை. பக்கத்து வர்ஜீனியா மேற்கு நிலத்தை விற்றே கடனை அடைத்துவிடும், வரியைக் குறைத்துவிடும், நம் ஜனங்கள் அங்கே போய்விடுவார்கள் என்று அது பயந்தது. நியாயமான பயம்தான். அந்த நிலம் எல்லாருக்கும் பொதுவாகும் வரை, 13 மாநிலங்களையும் ஒன்றாகக் கட்டும் கூட்டமைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றது. மற்ற 12 மாநிலங்களும் சம்மதித்த பிறகும் மேரிலாந்துக்காகக் காத்திருந்து, 1781 மார்ச்சில்தான் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைசியில் வர்ஜீனியா இறங்கிவந்து, ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே தனக்கிருந்த உரிமையை 1784-இல், எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான சபையாக இருந்த காங்கிரசுக்கு எழுதிக்கொடுத்தது. இதற்கிடையே 1783-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் மிசிசிப்பி ஆறு வரை விட்டுக்கொடுத்திருந்தது.

பொது நிலம் வந்துவிட்டது. அங்கே குடியேறுகிறவர்களை எப்படி ஆள்வது? கிழக்கே இருந்தவர்கள் மேற்கே போனவர்களைக் சமமான குடிமக்களாக அல்லாமல் காலனி மக்களாகவே வைத்து ஆண்டிருக்க முடியும். அன்றைய உலகில் வல்லரசுகள் எல்லாம் அப்படித்தான் செய்தன. இவர்கள் செய்யவில்லை. 1787 ஜூலை 13 அன்று, நியூயார்க்கில் கூடிய பழைய காங்கிரஸ், ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த வடமேற்கு நிலப்பகுதிக்கு ஒரு சட்டம் இயற்றியது. அதே வேளையில் பிலடெல்பியாவில் வேறொரு கூட்டம் புதிய அரசியல் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்தது. வடமேற்குச் சட்டம் சொன்னது இது: முதலில் காங்கிரஸ் நியமிக்கும் ஆளுநர் இருப்பார். வயது வந்த, அடிமையல்லாத ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் சட்டமன்றம் கிடைக்கும். மக்கள் தொகை 60,000 ஆனதும் அது மாநிலமாகலாம். பழைய 13 மாநிலங்களுக்கு எல்லா வகையிலும் சமமான மாநிலம்.

என் கணக்கில், அந்தப் போரில் கிடைத்த எந்த வெற்றியைவிடவும் இந்தச் சமம் என்ற ஏற்பாடு பெரியது. வர்ஜீனியாவும் மாசசூசெட்ஸும் தங்களுக்கு நிகராக உட்காரப் போகிறவர்களுக்குத் தாங்களே இடம் போட்டுவைத்தன. அந்த நிலப்பகுதியிலிருந்து 1803-இல் ஒஹையோ, 1816-இல் இண்டியானா, 1818-இல் இல்லினாய், 1837-இல் மிச்சிகன், 1848-இல் விஸ்கான்சின் என்று ஐந்து மாநிலங்கள் வந்தன.

கே: அமெரிக்க வரைபடத்தில் மேற்கே போகப் போக எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறதே, ஏன்?
– பள்ளி மாணவர், தாராபுரம்

தம்பி, எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டுவிட்டாய். கிழக்கே இருக்கும் பழைய மாநிலங்களில் எல்லைகள் ஆற்றையும் மலையையும் ஒட்டி வளைந்து வளைந்து போகும். ஊர்க்காரர்கள் குடியேறிய பிறகு அளந்த நிலம் அது. மேற்கே தலைகீழ்: முதலில் அளந்தார்கள், அப்புறம்தான் விற்றார்கள், அதன் பிறகு குடியேற்றம். மாநில எல்லைகளை அட்சரேகை, தீர்க்கரேகையைப் பிடித்து வரைந்தார்கள். உள்ளே இருந்த நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டினார்கள்.

1785-ஆம் ஆண்டு நில அளவைச் சட்டத்தின்படி ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 பிரிவுகள். ஒரு பிரிவு 640 ஏக்கர். 16-ஆம் எண் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஊரே இல்லாத காட்டில் பள்ளிக்கூடத்துக்கு இடம் குறித்துவைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

பென்சில்வேனியாவின் மேற்கு எல்லைக்கோடு ஒஹையோ ஆற்றின் வடகரையைத் தொடும் இடத்தில், 1785 செப்டம்பர் 30 அன்று தாமஸ் ஹட்சின்ஸ் என்ற அளவையர் முதல் கோட்டைத் தொடங்கினார். இன்று அந்த இடம் ஈஸ்ட் லிவர்பூல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையில் இருந்த கருவி 66 அடி நீளமுள்ள கண்டர் சங்கிலி, அதில் 100 கண்ணிகள். 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல், பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் ஊரில் "அஞ்சு சென்ட் மனை" என்கிறோமே, அந்த சென்ட்டும் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்தும்: ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். மெட்ரிக் அளவு வருமுன் இங்கேயும் இதே நீளச் சங்கிலியை இழுத்துத்தான் வயல்களை அளந்தார்கள்.

காட்டில் வேலை எப்படி நடக்கும் என்றால், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துப் போவார்கள். கோட்டில் நிற்கும் மரங்களைக் கோடாலியால் செதுக்கி அடையாளம் வைப்பார்கள். மூலைக்கு ஒரு மரத்தூண் நட்டு, பக்கத்து மரங்கள் என்னென்ன, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். தூண் மக்கிப்போனாலும் மரத்தை வைத்து மூலையைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். சதுரம் சதுரமாகவே இருக்காது. அதற்காகக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு திருத்தக் கோடு போட்டுப் புதிதாக அளந்தார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் நேராகப் போய்க்கொண்டிருக்கும் கிராமத்துச் சாலை சில இடங்களில் சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி நேராகும். அந்தத் திருப்பங்களில் பல இந்தத் திருத்தக் கோட்டால் வந்தவைதான். அங்கே போகிற உன் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கவனிக்கச் சொல்.

கே: அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை எங்கள் ஊரில் நடந்ததாகச் சொல்கிறார்களே, நம்பலாமா?
– ஆசிரியர், கடலூர்

நம்பலாம். 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்ததும் அந்தப் போர் இங்கேயும் வந்துவிட்டது. அந்த வருடமே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1783 ஜூனில் கடலூர்க் கோட்டைக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே முற்றுகையிட்டு ஆங்கிலப் படை. ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்கச் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. கப்பலில் சேதி வந்து சேரத் தாமதமானதால் உங்கள் ஊரில் அத்தனை பேர் செத்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற காரன்வாலிஸ்தான் 1786-இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமஹாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனிக்கு வாங்கிக்கொடுத்ததும் அவரே.

கே: லூசியானாவை அவ்வளவு மலிவாக நெப்போலியன் ஏன் விற்றார்? அமெரிக்காவிடம் அவ்வளவு ரொக்கம் இருந்ததா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், விருதுநகர்

ரொக்கம் இல்லை. அன்றைய லூசியானா என்பது மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்துகிடந்த பிரெஞ்சு நிலம். விலை 1 கோடியே 50 லட்சம் டாலர். அரசின் ஒரு வருட வருமானம் முழுவதையும் கொட்டிக் கொடுத்தாலும் போதாது. 1 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஆறு சதவீத வட்டிக் கடன் பத்திரங்கள் கொடுத்தார்கள். மீதி 37 லட்சத்து 50 ஆயிரம், பிரான்ஸ் அமெரிக்க வணிகர்களுக்குத் தரவேண்டிய பாக்கி. அதை அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. லண்டனைச் சேர்ந்த பேரிங், ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹோப் ஆகிய வங்கி நிறுவனங்கள் அந்தப் பத்திரங்களைத் தள்ளுபடி விலைக்கு வாங்கி நெப்போலியனுக்குப் பணம் கொடுத்தன. நெப்போலியன் பிரிட்டனோடு மோதத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது.

அமெரிக்கர்கள் இவ்வளவு கேட்டுப் போகவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம். ஒஹையோ, கென்டக்கி, டென்னசி விவசாயிகள் மாவையும் உப்புக்கண்டத்தையும் படகில் ஏற்றி மிசிசிப்பி வழியாகத்தான் கடலுக்குக் கொண்டுவர வேண்டும். 1802 அக்டோபரில், துறைமுகம் பிரான்சின் கைக்கு மாறும் முன் அங்கே பொறுப்பில் இருந்த ஸ்பானிய அதிகாரி அமெரிக்கச் சரக்கைத் துறைமுகத்தில் இறக்கிவைக்கும் உரிமையை ரத்துசெய்துவிட்டார். மேற்கே இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஜனாதிபதி ஜெஃபர்சன் உடனே மன்றோவைச் சிறப்புத் தூதராக பாரிசுக்கு அனுப்பினார். ராபர்ட் லிவிங்ஸ்டன் ஏற்கெனவே அங்கே தூதராக இருந்தார். 1789-இல் வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இவர்தான். 1803 ஏப்ரல் 11 அன்று அமைச்சர் டாலிராண்ட், "மொத்த லூசியானாவுக்கும் என்ன தருவீர்கள்?" என்று கேட்டபோது லிவிங்ஸ்டன் திகைத்துவிட்டார். மன்றோ மறுநாள்தான் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

நெப்போலியன் மனம் மாறியதற்குக் காரணம், கரீபியன் கடலில் பிரான்சின் காலனியாக இருந்த ஹெய்ட்டி. சர்க்கரைத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த மக்கள் துசேன் லூவெர்த்தூர் தலைமையில் எழுந்து நின்றார்கள். அவர்களை அடக்க நெப்போலியன் தன் மைத்துனர் லெக்ளெர்க்கைப் பெரிய படையோடு அனுப்பினார். அந்தப் படை எதிர்ப்பிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அழிந்தது, லெக்ளெர்க்கும் இறந்தார். ஹெய்ட்டி போனால் அதற்குச் சோறு போடும் நிலமாக எண்ணிய லூசியானாவுக்கு வேலை இல்லை. பேசலாம் என்று ஏமாற்றிப் பிடிக்கப்பட்ட துசேன், 1803 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டைச் சிறை ஒன்றில் செத்துப்போனார். டாலிராண்ட் லிவிங்ஸ்டனிடம் விலை கேட்டது அதற்கு நான்கு நாள் கழித்து. அமெரிக்கா இரண்டு மடங்காக வளர்ந்ததில் ஹெய்ட்டியின் அடிமைகளுக்கு இருந்த பங்கை அமெரிக்க அரசு மதிக்கவில்லை. 1804-இல் விடுதலை அறிவித்த அந்த நாட்டை 1862 வரை அங்கீகரிக்கவே இல்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

வாங்கிய நிலம் சுமார் 8,28,000 சதுர மைல். இன்றைய இந்தியாவின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஏக்கருக்கு மூன்று அமெரிக்க சென்ட்கூட ஆகவில்லை.

பத்திரம் பார்த்துப் பழகியவனாக அந்த உடன்படிக்கையைப் படித்தால் ஒன்று உறுத்துகிறது: செக்குபந்தி இல்லை. நான்கு எல்லையும் சொல்லாமல், "ஸ்பெயின் கையில் இப்போது இருக்கும் அளவும், முன்பு பிரான்ஸ் கையில் இருந்த அளவும்" என்று பழைய வாசகத்தையே திருப்பி எழுதினார்கள். வட எல்லை பிரிட்டனோடு 1818-இலும், மேற்கு எல்லை ஸ்பெயினோடு 1819-இலும்தான் தீர்ந்தது. இரண்டாவது, அனுபவத்தில் இருந்தவர்கள் யார்? ஓசேஜ், பானி, மாண்டன், லக்கோட்டா என்று எத்தனையோ மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் யாரும் பிரான்சுக்கு நிலத்தை விற்றதில்லை. உண்மையில் பிரான்ஸ் விற்றது, வேறு ஐரோப்பிய நாடு இதில் தலையிடாது என்ற உரிமையைத்தான். நிலத்தை அந்த மக்களிடமிருந்து அமெரிக்கா ஒவ்வொரு ஒப்பந்தமாகப் பின்னர் வாங்கியது, பல இடங்களில் மிரட்டி.

கே: ஜெஃபர்சன் அரசியல் சாசனத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தவர் ஆயிற்றே. நிலம் வாங்க சாசனத்தில் இடம் இருந்ததா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

வெளிப்படையாக இல்லை. அது அவரையும் உறுத்தியது. 1803 கோடையில் சாசனத் திருத்தத்துக்கு வரைவுகூட எழுதினார். ஆனால் ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் தரவேண்டும் என்பது நிபந்தனை. நெப்போலியன் மனம் மாறக்கூடும் என்று பாரிசிலிருந்து சேதி வந்தது. திருத்தத்தை மடித்து வைத்துவிட்டார். அக்டோபர் 20 அன்று செனட் 24க்கு 7 என்ற கணக்கில் ஒப்புதல் கொடுத்தது. 1791-இல் நிதியமைச்சர் ஹாமில்டன் தேசிய வங்கி தொடங்கியபோது சாசனத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டவர் இதே ஜெஃபர்சன்.

நிலத்தை வாங்கியதை நான் தவறு சொல்ல மாட்டேன். அங்கே வாழ்ந்த யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. நியூ ஆர்லியன்ஸ் மக்கள் 1804-இல் மனு எழுதித் தங்களுக்கும் பிரதிநிதித்துவம் கேட்டார்கள். அவர்களுடைய லூசியானா 1812-இல்தான் மாநிலமானது.

கே: புதிதாகப் பிறந்த நாடுகளில் முதல் தலைவர்கள் பதவியை விடவே மாட்டார்கள். அமெரிக்காவில் அது எப்படி நடந்தது?
– நூலகர், தஞ்சாவூர்

வாஷிங்டன் இரண்டு தவணைக்குப் பிறகு தானாகவே வீட்டுக்குப் போனார். உண்மையான சோதனை 1800 தேர்தல். பதவியில் இருந்த ஜான் ஆடம்ஸ், மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர்களின் ஓட்டுகளில் 65 மட்டும் பெற்றுத் தோற்றார். ஆனால் எதிர்க்கட்சியின் இரண்டு பேருக்கும், ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும், ஆளுக்கு 73. அன்றைய விதியில் ஜனாதிபதிக்கு ஒன்று, துணை ஜனாதிபதிக்கு ஒன்று என்று தனித்தனி ஓட்டு கிடையாது. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. ஒரு மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 16 மாநிலம், ஜெயிக்க 9 வேண்டும். ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, இரண்டு மாநிலம் இரண்டாகப் பிளந்து நின்றது.

1801 பிப்ரவரி 11 அன்று ஆரம்பித்த ஓட்டு நாள் கணக்கில் போனது. மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்சனுக்குக் கடும் காய்ச்சல். அவர் வராவிட்டால் மேரிலாந்து எதிர்ப்பக்கம் போய்விடும். பனியில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து, சபைக்குப் பக்கத்து அறையில் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் படுத்தபடியே ஓட்டுப் போட்டார். 35 சுற்று அப்படியே போயிற்று. 17-ஆம் தேதி, டெலவேரின் பேயர்டும் வேறு சிலரும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்ள, 36-ஆவது சுற்றில் பத்து மாநிலங்களோடு ஜெஃபர்சன் வென்றார். மார்ச் 4 அன்று தான் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்தே போய்ப் பதவியேற்றார். ஆடம்ஸ் விழாவுக்கு நிற்கவில்லை, விடியுமுன் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். கோபம் இருந்தது, கத்தி எடுக்கவில்லை. 1804-இல் சாசனத்தையே திருத்தி இரண்டு பதவிக்கும் தனித்தனி ஓட்டு என்று மாற்றினார்கள்.

கே: நியூயார்க் இருக்க, வாஷிங்டன் எப்படித் தலைநகரானது?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

1790-இல் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தது. மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று ஹாமில்டன் கேட்டார். தலைநகர் தெற்கே போட்டோமக் ஆற்றங்கரையில் வேண்டும் என்று வர்ஜீனியாக்காரர்கள் கேட்டார்கள். இரண்டும் கிடைத்தன. பத்து வருடம் பிலடெல்பியாவில் இருந்துவிட்டு 1800-இல் அரசு புது ஊருக்கு மாறியது.

எல்லை அளந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்து மைல் பக்கமுள்ள சதுரம், மைலுக்கு ஒரு கல்லாக 40 கற்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. ஆண்ட்ரூ எல்லிகாட் தலைமையில் வேலை நடந்தது. 1791-இல் தொடக்க மாதங்களில் நட்சத்திரங்களைப் பார்த்து இடத்தைக் கணித்துக்கொடுத்தவர் பெஞ்சமின் பன்னக்கர். தானாகவே வானியல் கற்ற, அடிமையல்லாத கறுப்பின விவசாயி. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் ஜெஃபர்சனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார்: எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கையே எங்கள் சகோதரர்களை அடிமையாக வைத்திருக்கலாமா என்று. என் தொழில்வழி முன்னோர் என்று நான் ஒருவரைக் கும்பிட வேண்டுமானால் அவரைத்தான் கும்பிடுவேன்.

கே: நிலம் விரிந்ததால் அடிமைமுறையும் விரிந்ததா?
– முதுகலை மாணவர், மதுரை

ஆமாம், தெற்கே. 1800-க்குப் பிறகு மேற்கு நிலம் எதிலும் அடிமைமுறை கூடாது என்று ஜெஃபர்சன் 1784-இல் முன்மொழிந்த விதி ஒரே ஒரு மாநிலத்தின் ஓட்டுக் குறைந்து தோற்றது. நியூஜெர்சி உறுப்பினர் ஒருவர் உடம்பு முடியாமல் அன்று வரவில்லை. 1787 சட்டம் ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே மட்டும் தடைசெய்தது. 1793-இல் எலி விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் வந்ததும் அலபாமா, மிசிசிப்பி மண் பொன்னாகிவிட்டது. வர்ஜீனியா, மேரிலாந்திலிருந்து கணவன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிரித்து விற்றார்கள். உள்நாட்டுப் போர் வரையிலான காலத்தில் இப்படி நகர்த்தப்பட்டவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர்.

1819-இல் மிசௌரி மாநிலமாகக் கேட்டபோது கணக்கு வெளியே வந்தது. அடிமை மாநிலம் 11, அடிமையில்லா மாநிலம் 11 என்று செனட் சமமாக நின்ற நேரம். மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், லூசியானா நிலத்தில் மிசௌரி தவிர்த்து 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கிடையாது என்று 1820-இல் சமரசம் செய்தார்கள். 77 வயது ஜெஃபர்சன் அந்தச் சேதி நள்ளிரவில் அடித்த தீ எச்சரிக்கை மணிபோலத் தன்னைத் திடுக்கிட வைத்தது என்று ஒரு நண்பருக்கு எழுதினார். பயந்தது சரி. ஆனால் தன் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தவர் அவர். அந்த நெருப்பில் அவர் வீட்டு விறகும் இருந்தது.

கே: செவ்விந்தியர்களிடம் ஒப்பந்தம் போட்டுத்தானே நிலம் வாங்கினார்கள்? பிறகு ஏன் அநியாயம் என்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

நான் முதலில் புகழ்ந்த 1787 சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது: இந்தியர்களிடம் எப்போதும் முழு நேர்மையோடு நடக்க வேண்டும், அவர்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தையோ சொத்தையோ எடுக்கக் கூடாது. ஒஹையோவிலேயே அது நிற்கவில்லை. 1791 நவம்பரில் மயாமி மக்களின் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் படையை வபாஷ் ஆற்றங்கரையில் நொறுக்கினார்கள், 600-க்கு மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். 1794-இல் ஆண்டனி வெய்ன் திருப்பி அடித்தார். 1795-இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஒஹையோவின் பெரும்பகுதி போயிற்று.

ஆனால் ஒரே ஒரு கதை சொல் என்றால் நான் செரோக்கிகளைச் சொல்வேன். அமெரிக்கர்கள் கேட்டதெல்லாம் செய்தவர்கள் அவர்கள். உழவு செய்தார்கள். செக்வோயா என்பவர் தன் மொழிக்கு எழுத்தே உருவாக்கினார். 1827-இல் எழுதப்பட்ட சாசனம், 1828-இல் இரண்டு மொழியிலும் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற பத்திரிகை, நியூ எச்சோட்டா என்ற தலைநகர். சுற்றிலும் இருந்த ஜார்ஜியா மாநிலம், உங்கள் சட்டம் செல்லாது, எங்கள் சட்டம்தான் செல்லும் என்றது. 1829-இல் அந்தப் பகுதியில் டலோனெகா என்ற இடத்தில் தங்கம் கிடைத்தது. 1830-இல் இந்தியர் வெளியேற்றச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்று நூலிழையில் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 97 பேரையும் மறக்கக் கூடாது.

1832-இல் தலைமை நீதிபதி மார்ஷல், செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு சொன்னார். ஜனாதிபதி ஜாக்சன் அதை நடைமுறைப்படுத்த ஒன்றும் செய்யவில்லை. அதே ஆண்டு ஜார்ஜியா அளவையர்களை அனுப்பி, மக்கள் குடியிருக்கும்போதே அவர்கள் நாட்டை அளந்தது. சாதாரண நிலம் 160 ஏக்கர்த் துண்டு, தங்கம் இருக்கும் என்று நினைத்த பகுதியில் 40 ஏக்கர்த் துண்டு. பிறகு மில்லெட்ஜ்வில்லில் சீட்டுப் போட்டுக் குலுக்கி வெள்ளையர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் விதைத்த சோளக்கொல்லைக்குள் சங்கிலியை இழுத்துப் போய் இன்னொருவர் பெயருக்கு எண் போட்டது என் தொழில் செய்தவர்கள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் என்னால் நிதானமாகக் கடந்துபோக முடிவதில்லை.

செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் 1835-இல் வாஷிங்டனில் பேச்சு முடித்து வீடு திரும்பினார். அவர் வீட்டில் வேறொருவர் குடியிருந்தார், குலுக்கலில் விழுந்தது என்று. அந்த டிசம்பரில் ஒரு சிறு கோஷ்டி மட்டும் நியூ எச்சோட்டாவில் கையெழுத்துப் போட்டு, 50 லட்சம் டாலருக்கு நாட்டையே எழுதிக்கொடுத்தது. ராஸும் கையெழுத்திடவில்லை, தேசியப் பேரவையும் ஒப்பவில்லை. 15,000-க்கு மேற்பட்ட கையெழுத்தோடு எதிர்ப்பு மனு போனது. ஆனால் செனட்டில் அந்த ஒப்பந்தம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஏற்கெனவே தேறிவிட்டிருந்தது. 1838 மே மாதம் படை வந்து வீடு வீடாகப் பிடித்து அடைத்தது. சுமார் 16,000 பேரை இன்றைய ஓக்லஹாமாவுக்கு விரட்டினார்கள். ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ராஸின் மனைவி குவாட்டியும் வழியில், லிட்டில் ராக்கில் இறந்தார். ஈரோட்டு நண்பரே, கையெழுத்து யாருடையது, எந்த நிலையில் வாங்கியது என்று பார்க்காமல் ஒப்பந்தம் இருந்ததே என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கே: 60,000 பேர் சேர்ந்தால் மாநிலம் என்ற விதி எல்லா இடத்திலும் அப்படியே நடந்ததா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்

இல்லை. ஒஹையோவே 1800 கணக்கெடுப்பில் 45,365 பேர்தான், மாநிலமாக்கிவிட்டார்கள். நெவாடாவை 1864-இல் 60,000-க்கு வெகுவாகக் குறைந்த மக்கள் தொகையோடு அவசரமாகச் சேர்த்தார்கள், தேர்தலுக்குச் சில நாள் முன்பு. நேரம் இல்லாததால் மாநிலச் சாசனம் முழுவதையும் தந்தியில் அனுப்பினார்கள். செலவு 4,300 டாலருக்கு மேல். தங்கம் கிடைத்த கலிபோர்னியா, 1848-இல் மெக்சிகோவிடமிருந்து வந்து 1850-இல் மாநிலமானது. அதே ஒப்பந்தத்தில் வந்த நியூ மெக்சிகோ 1912 வரை காத்திருந்தது. அங்கே பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசிய கத்தோலிக்கர்கள்; வாஷிங்டனில் பலருக்கு அவர்களைச் சமமாக உட்காரவைக்க மனம் வரவில்லை. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து பெற்ற பியூர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள், அமெரிக்கக் குடியுரிமையும் உண்டு, இன்னும் மாநிலம் இல்லை. செனட்டில் அவர்களுக்கு இடம் கிடையாது. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் உட்காரலாம், பேசலாம்; சட்டம் நிறைவேறும்போது ஓட்டுப் போட முடியாது.